டச்-அப் செய்யப்பட்ட அம்மா

போன புதன்கிழமை என் வீட்டுக்காரர் கொடுத்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் முழுசாக வெளியே வரவில்லை. யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும். உங்களை விட்டால் எனக்கு யார்?

கட்டை விரல் உயரப் பொம்மைகளுக்கு நான் பெயிண்ட் அடிப்பது உங்களில் பலருக்குத் தெரியும். போட்டோ கொடுத்தால் சென்னையில் ஒரு கடையில் 3டி பிரிண்டரில் அதே சாயலில், சாம்பல் நிறத்தில் பொம்மை அச்சடித்துத் தருகிறார்கள். அதை மனுஷியாக்குவது என் பாடு. சேலை மடிப்பின் பள்ளத்தில் கருநீலம், மேட்டில் வெளிர்நீலம். இரண்டும் சேரும் இடத்தில் கோடு தெரியாதபடி, காய்வதற்குள் ஈர பிரஷால் இழுத்துக் கலக்க வேண்டும். பெருமூச்சு விட்டால்கூடக் கை ஆடிவிடும்.

இந்த முறை வந்தது எஸ்தருடைய அம்மா. எஸ்தர் திருவள்ளூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தே மகளைப் படிக்க வைத்தவர். போன வருடம் இறந்துவிட்டார். மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே ஒரு போட்டோ. "ஆபீஸ் டேபிள்ல வெச்சிக்கணும்க்கா" என்று கேட்டாள்.

பதினோரு சாயங்காலம் உட்கார்ந்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒட்டிய கன்னத்தில் நிழல், நெற்றியில் வரி... போட்டோவில் இருந்த எதையும் விடவில்லை. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை பொன்னேரியில் ஒரு வளைகாப்பு. முடித்துவிட்டு ரயிலேறி கும்மிடிப்பூண்டி வந்து வீட்டுக்குள் நுழைகிறேன் — மேஜை முன்னால் வீட்டுக்காரர். கையில் என் பிரஷ்.

அவருக்கு சிப்காட்டில் வேலை. பைக் டேங்குகளில் பெயிண்ட் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லாவிட்டால் டச்-அப் செய்வதும். இருபது வருடமாக அதுதான்.

"இன்னாம்மா இப்டி வெச்சிட்டுப் போயிருக்க?" என்றார் அக்கறையாக. "ஒரே ஷேட் வேரியேஷன். பொடவைல மேல ஒரு கலரு, உள்ள ஒரு கலரு. மூஞ்சி வேற பேட்ச் பேட்ச்சா. எங்க லைன்ல இத்த உட்டா அப்டியே ரிட்டர்ன் வந்துரும். நாளைக்கு அந்தப் பொண்ணு வருதுன்னியே, அதான் சரி பண்ணிக்கினு இருந்தேன்."

எட்டிப் பார்த்தேன். புடவை முழுக்க ஒரே நீலம். முகம் முழுக்க ஒரே மாநிறம். கண்ணை மட்டும் தொடாமல், ஓரத்தில்கூடப் பிசிறில்லாமல் அடித்திருந்தார். என் பதினோரு சாயங்காலமும் அதற்கு அடியில் இருந்தன.

"இன்னாங்க பண்ணீங்க..." என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கருவளையம் நான் வேண்டுமென்றே போட்டது என்று சொன்னபோது மனிதருக்கு முகம் செத்துவிட்டது. "எதுக்கும்மா வேணும்னே போடுவாங்க?" என்றார் மெதுவாக.

மறுநாள் பஸ் மாறி பஸ் ஏறி வந்தாள் எஸ்தர். இருக்கும் ஒரே போட்டோவை நம்பிக் கொடுத்தவளிடம் என்ன சொல்வது? "எஸ்தர், ஒரு தப்பு நடந்துபோச்சி..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

பொம்மையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு அந்தக் கன்னத்தை ஒற்றை விரலால் தொட்டாள்.

"நல்லா தூங்கி எழுந்தா மாதிரி இருக்காங்கக்கா. எங்கம்மாவ நான் இப்டி பாத்ததே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினோரு நாளும் நான் எதைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினேன்? அந்த அம்மாவின் அசதியைத்தானே? திறமை என்று நினைத்து, சூளையை அல்லவா அவர் முகத்தில் திரும்ப ஏற்றியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

கிளம்பும்போது எஸ்தர் வாசலில் நின்று திரும்பினாள். "அப்பாவுக்கும் ஒண்ணு பண்ணணும்க்கா. ஆனா இதே கைதான் பண்ணணும்."

அந்தக் கை அந்நேரம் சிப்காட்டில் ஏதோ ஒரு பைக் டேங்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.