அடுத்த வாரம் ராஜலக்ஷ்மி

சான் ஹோசே தமிழ்க் குடும்பங்களில் வெறும் ராஜலக்ஷ்மி என்றால் யாருக்கும் தெரியாது. ‘அடுத்த வாரம்’ ராஜலக்ஷ்மி என்றால் எல்லோருக்கும் தெரியும். மளிகைக் கடையில் துவரம்பருப்புப் பாக்கெட்டோடு நிற்கும்போது யாராவது திரும்பிப் பார்த்து, “நீங்க டிவில அடுத்த வாரம் சொல்றவங்கதானே?” என்பார்கள். “ஆமாங்க. அடுத்த வாரம் பட்டிமன்றம், மறந்துறாதீங்க” என்று அங்கேயே ஒரு தடவை அறிவித்துவிடுவாள்.

அது 1997. ஊர் கேபிளில் பொதுமக்களுக்கென்றே ஒரு சேனல் இருந்தது. இலவச வகுப்பில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்ட யாரும் வாரம் அரை மணி நேரம் கேட்டு வாங்கலாம். சனிக்கிழமை காலை பத்தரைக்குத் தமிழ். அதற்கு முந்திய அரை மணி கேலிக். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பேசுகிற மொழி அது. நிகழ்ச்சியை நடத்தியவர் ஆங்கஸ் என்கிற தபால்காரர். தீவில் பிறந்தவர், பதினைந்து வருஷமாக சான் ஹோசே வீடுகளுக்குக் கடிதம் போடுகிறவர்.

ராஜலக்ஷ்மி கோபிச்செட்டிபாளையத்துக்காரி. தாவரவியலில் எம்.எஸ்ஸி., கல்லூரியில் மூன்று வருஷம் பாடம் எடுத்தவள். கணவன் மணியன் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தபோது கூடவே ஹெச்-4 விசாவில் வந்தாள். அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. சம்பளமில்லாமல் செய்யலாமா என்று விசாரித்தாள். செய்யலாம் என்றார்கள். மறுநாளே கேமரா வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவள் மணியனின் மனைவி. சனிக்கிழமை அரை மணி மட்டும் திரையில் அவள் பெயர் ஓடியது.

அந்த அரை மணியில் அவளுக்கு மிகவும் பிடித்தது கடைசி இரண்டு நிமிஷம். வரப்போகிற நிகழ்ச்சிகளைச் சொல்லும் நேரம். நிலையத்து எந்திரத்தில் தமிழ் எழுத்து கிடையாது என்பதால் வெள்ளை சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கேமரா முன்னால் நிறுத்துவாள். அடுத்த வாரம் கோலப் போட்டி. அதற்கடுத்த வாரம் வாணலியில் கேக். கேமரா பிடிக்கிற ஹபீஸா கேலி செய்வாள்: “ராஜிக்கா, கோலம் போடறதுக்கு ஆளே இன்னும் கிடைக்கல. அதுக்குள்ள போர்டு எழுதிட்டீங்க!”

“எழுதிட்டா ஆள் தானா வந்துருவாங்க ஹபீஸா. சொல்லாம வெச்சாத்தான் வர மாட்டாங்க.”

ஆங்கஸிடமும் இதையேதான் சொன்னாள். அவர் டேப்பைக் கொண்டுவந்து கொடுப்பார், பாட்டு வரும், பேச்சு வரும், சட்டென்று முடிந்துவிடும். அடுத்து என்ன என்று ஒரு வார்த்தை கிடையாது. “என்னைப் பார்க்கிறதே ஒன்பது பேர். அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு அறிவிப்பு வேறா?” என்பார். “ஒன்பது பேரும் அடுத்த வாரம் வேற சேனலுக்குப் போயிடுவாங்க மிஸ்டர் ஆங்கஸ். லிஸ்ட் எழுதுங்க!” வாராவாரம் இந்தச் சண்டை நடக்கும். மற்றபடி இருவரும் ஒருவருக்கொருவர் உதவி. வியாழக்கிழமை அவருடைய படப்பிடிப்புக்கு இவள் கேமரா. சனிக்கிழமை இவளுக்கு அவர்.

ஏப்ரலில் ஊரிலிருந்து ஒரு வீடியோ கேசட் வந்தது. ராஜலக்ஷ்மியின் தம்பி ஈரோட்டில் நடந்த பட்டிமன்றத்தைப் பதிவு செய்து, விமானத்தில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். தலைப்பு: குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா? மூன்று வாரம் தொடர்ந்து அறிவித்தாள். நாலைந்து வீடுகள் ஒன்றாகக் கூடிப் பார்ப்பதாகச் சொல்லி, யார் வீட்டில் வடை, யார் வீட்டில் காபி என்பதுவரை முடிவாகிவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு சிக்கலும் இருந்தது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை டேப் சிக்கி, தமிழ் நேரத்தில் திரை நீலமாக நின்றுவிட்டது. மூன்று மாதத்தில் இன்னொரு முறை அப்படி நடந்தால் நேரம் கைமாறும் என்பது விதி. வரிசையில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். முதல் ஆள் தன் கிளிகளைக் காட்டி நிகழ்ச்சி நடத்த விரும்பியவர். நிலைய மேலாளர் ட்ரேசி நல்ல பெண்மணிதான். ஆனால் விதி என்றால் விதி.

அதனால் ராஜலக்ஷ்மி கவனமாக இருந்தாள். கேசட்டை வீட்டில் இரண்டு தடவை முழுக்க ஓட்டிப் பார்த்தாள். படம் பளிச், சத்தம் கணீர். சனிக்கிழமை பத்து மணிக்கு ஆங்கஸின் டேப் ஒளிபரப்பாகத் தொடங்கியதும், பக்கத்து எந்திரத்தில் தன் கேசட்டைப் போட்டாள்.

திரையில் கோடுகள் உருண்டன. கறுப்பு வெள்ளையில் ஒரு நடுவர் தலைகீழாகத் தெரிந்தார், பிறகு பாதியாகத் தெரிந்தார், பிறகு தெரியவில்லை.

“இது ‘பால்’ (PAL) முறையில் பதிவான கேசட்” என்றார் ஆங்கஸ். “என் அக்கா அனுப்புகிறதும் இப்படித்தான். அந்தப் பக்கத்து முறை வேறு. இந்த மெஷினில் ஓடாது.”

“வீட்டுல ஓடுச்சே! நானே பார்த்தேனே!”

பின்னால் நின்ற மணியன் தொண்டையைச் செருமினான். “ராஜி... நம்ம வீட்டு டெக்குல எல்லா நாட்டு கேசட்டும் ஓடும். அதுக்குன்னே தேடிப் பிடிச்சு வாங்குனது. மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தாள். கடைக்காரர் முன்னால் நின்று, ஊரிலிருந்து வரும் கேசட்டெல்லாம் ஓட வேண்டும் என்று வற்புறுத்தி வாங்க வைத்தவளே அவள்தான். வீட்டுக்குப் போய் அந்த டெக்கையும் டிவியையும் தூக்கி வர நாற்பது நிமிஷம். கடிகாரம் பத்து பதின்மூன்று காட்டியது.

ட்ரேசி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “பத்தரைக்கு ரெடிதானே, ராஜி?”

“ரெடி” என்றாள் ராஜலக்ஷ்மி. கதவு மூடியதும் திரும்பினாள். “ஏனுங்க, சட்டையை உள்ள விடுங்க. நீங்க கணவன் அணி.”

“எது?”

“பட்டிமன்றம்னு சொன்னோம். பட்டிமன்றம் நடக்கும். ஸ்டூடியோ காலியாத்தான கிடக்குது? நான் மனைவி அணி.”

“நான் ஆபீஸ் மீட்டிங்லயே வாயைத் திறக்க மாட்டேன், ராஜி!”

“அங்க பேசாததையெல்லாம் இங்க பேசுங்க. ஹபீஸா, ரெண்டு கேமராவையும் நீதான் பார்க்கணும். ஃபோன் லைனைத் திறந்து வை.”

“சரிக்கா. நடுவர்?”

அறையில் மிச்சமிருந்தது ஒரே ஆள். மூன்று பேரும் ஆங்கஸைப் பார்த்தார்கள்.

“எனக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது” என்றார் அவர்.

“அப்ப பாரபட்சமே இருக்காது. நடுவுல உட்காருங்க. யாராவது ரொம்ப நேரம் பேசினா கோப்பையில தட்டுங்க. கடைசியில நிமிர்ந்து உட்கார்ந்து, ரெண்டு பக்கத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, உங்க பாஷையில ரெண்டு நிமிஷம் எதையாவது சொல்லுங்க. தீர்ப்புன்னு நாங்க எடுத்துக்கறோம்.”

பத்தரைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. மணியன் எழுந்தான். சட்டையை இன்னொரு முறை இழுத்து உள்ளே விட்டான். பிறகு காபிக் கோப்பையும் ஸ்பூனுமாக உட்கார்ந்திருந்த தபால்காரரைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, பேச்சு வந்துவிட்டது.

“நடுவர் அவர்களே! ரெண்டு வருஷமா சனிக்கிழமை காலைல எங்க வீட்டுல இட்லி கிடையாது. கார்ன்ஃப்ளேக்ஸ்! பால் ஊத்தி, ஸ்பூன் போட்டு, நானே எடுத்துச் சாப்பிடணும். எதுக்கு? இந்த அரை மணி நேரத்துக்கு! நான் டிரைவர், நான் லைட்டு பிடிக்கற ஆளு, நான் அட்டை தூக்கற ஆளு. விட்டுக்கொடுக்கறது யாருங்க?”

கேமராவுக்குப் பின்னால் ஹபீஸா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜலக்ஷ்மி எழுந்தாள். “நடுவர் அவர்களே, எதிரணி அருமையாகப் பேசினார். அவர் விட்டுக்கொடுத்தது நாலு இட்லி. நான் விட்டுட்டு வந்தது ஒரு காலேஜ்.”

இதைச் சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. மணியன் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தான். பிறகு மெல்லக் கை தட்டினான். ஆங்கஸ் காரணம் தெரியாமலே கோப்பையில் டிங் என்று ஒரு தட்டுத் தட்டினார்.

“ஆனா காலேஜ்ல அறுபது பிள்ளைங்கதான் நான் பேசறதைக் கேட்டாங்க” என்று அவள் தொடர்ந்தாள். “அதுலயும் பாதிப் பேர் தூங்குவாங்க. இங்க ஊரே கேக்குது. அதனால அந்தக் கணக்கை விட்டுடறேன். இட்லிக் கணக்குக்கு வர்றேன். அரைச்சது யாரு?”

ஃபோன் அடித்தது. பெரியெஸ்ஸா பக்கத்திலிருந்து கிட்டுசாமி அங்கிள். “ரெண்டு பேர் சொல்றதும் தப்பும்மா. அதிகம் விட்டுக்கொடுக்கறது மாமனாருதான். பேரனைப் பார்த்துக்க வந்தேன், ஆறு மாசமா ரிமோட் என் கைக்கு வரல. இன்னைக்குத்தான்...” பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. “வெச்சுடறேன்” என்றார். அடுத்தடுத்து அழைப்புகள். ஒருத்தி மணியனுக்கு இட்லி கொடுத்தனுப்பவா என்று கேட்டாள். இன்னொருவர், நடுவர் எந்த ஊர்க்காரர், நல்ல நிதானம் என்றார்.

பத்து ஐம்பத்தெட்டு. ஆங்கஸ் நிமிர்ந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்து, கேலிக்கில் கம்பீரமாகப் படிக்கத் தொடங்கினார். நடுவே ஒரு முறை நிறுத்தி மணியனைப் பார்த்துத் தலையசைத்தார். இன்னும் நான்கு வாக்கியம் படித்து ராஜலக்ஷ்மியைப் பார்த்துத் தலையசைத்தார். கடைசி வரியில் குரலை உயர்த்தி, கோப்பையில் மூன்று முறை தட்டினார். மூவரும் கை தட்டினார்கள். விளக்கு அணைந்தது.

ட்ரேசி உள்ளே வந்தாள். “எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஃபோன் இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது. திரை ஒரு நொடிகூட நீலமாகவில்லை. கிளிக்காரரிடம் காத்திருக்கச் சொல்கிறேன்.” கதவருகே நின்று திரும்பினாள். “யார் ஜெயித்தது?”

யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் ராஜலக்ஷ்மி தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, அடுத்த வாரம்! அடுத்த வாரம் என்னன்னு சொல்லவே இல்லையே! ஒரு வாரம்கூட விட்டதில்லை...”

“யார் சொன்னது?” என்று ஆங்கஸ் அந்தக் காகிதத்தை நீட்டினார். “நீதானே லிஸ்ட் எழுது, லிஸ்ட் எழுது என்றாய். நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். கையில் வேறு எதுவும் இல்லை, அதைத்தான் படித்தேன். அடுத்த சனி, ஆட்டுமந்தை நாய்களுக்குப் பயிற்சி. அதற்கடுத்த சனி, படகு கட்டுவது. அதற்கும் அடுத்தது, என் அக்காவின் ஓட்ஸ் ரொட்டி.”

“என்னைப் பார்த்துத் தலையாட்டினீங்களே, நான் எங்க ஜெயிச்சேன்?” என்று கேட்டான் மணியன்.

“நாய்கள் வந்த இடத்தில்” என்றார் ஆங்கஸ்.

ராஜலக்ஷ்மி சிரித்த சிரிப்பு ஸ்டூடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. அன்று மாலையே மூன்று வீட்டுக்கு ஃபோன் போட்டுத் தீர்ப்பை மொழிபெயர்த்துச் சொன்னாள். மூன்று வீடு முப்பது வீட்டுக்குச் சொன்னது. அடுத்த சனிக்கிழமை நடுவரைப் பார்க்கப் பத்து மணிக்கே தமிழ் வீடுகளில் டிவி ஓடியது. ஒன்பது பேர் பார்த்துவந்த நிகழ்ச்சியைப் பற்றி நிலையத்துக்குப் பதினாறு அழைப்புகள் வந்தன, எல்லாம் நாய்களைப் பாராட்டி.

முடிவில் ஒரு வெள்ளை சார்ட் அட்டை திரையில் வந்தது. கேலிக் எழுத்துகள், ராஜலக்ஷ்மியின் கையெழுத்தில், பச்சை ஸ்கெட்ச் பேனாவில். கீழே தமிழில் ஒரு வரி: அடுத்த வாரம், படகு.

அன்று காலை மணியன் இட்லி சாப்பிட்டிருந்தான்.