மசக்கை என்றுதான் நினைத்தோம்

அக்காவுக்கு முகம் ஊதினபோது ஊரே சந்தோஷப்பட்டது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. கோபமெல்லாம் பட்டுத் தீர்த்தாயிற்று. யாரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

அறுபதுகளின் ஆரம்பம் அது. நான் கல்யாணமாகித் திண்டுக்கல்லில் வாடகை வீட்டில் இருந்தேன். அக்கா வாக்கப்பட்டது எரியோட்டுப் பக்கம், ஒரு சம்சாரி வீட்டில். கல்யாணமாகி வருஷம்தான் ஓடியதே தவிர வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அதற்காக அந்த வீட்டில் அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போனால் பின்னால் நில் என்பார்கள். எல்லாரும் சாப்பிட்டபிறகு அடிச்சட்டியில் இருப்பதுதான் அவளுக்கு. மாமாவுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று அவளை வைத்துக்கொண்டே பேசுவார்கள். மாமா நல்ல மனுஷன்தான். ஆனால் பேசவேண்டிய நேரத்தில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த வருஷம் அக்காவுக்குத் தீட்டு நின்றது. காலையில் எழுந்தால் வாந்தி. சோற்று வாசனை பட்டாலே குமட்டல். கன்னம் உப்பி, கால் வீங்கி, வயிறும் கொஞ்சம் முன்னால் தள்ளியது. ஊர் மருத்துவச்சி கை பிடித்துப் பார்த்துவிட்டு, “ரெட்டை நாடி ஓடுது” என்றாள். அவ்வளவுதான். அக்காவின் மாமியார் தலைகீழாக மாறிவிட்டார். “எம் மருமக பூசுனாப்புல இருக்கா பாரு” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை. கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, குனியக் கூடாது, முதல் தட்டு அவளுக்குத்தான். வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று கருவாடும் உப்பு மாங்காயும் தேடித் தேடிக் கொடுத்தார். பிரியமாகத்தான் கொடுத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கொஞ்ச நாள் தங்கிப் போகிறேன் என்று அக்கா என் வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவளைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வாசல்படி ஏறுவதற்குள் மூச்சு இரைக்கிறது. உதடு சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. உடம்பு பூராவும் சொறிந்த தடம். ராத்திரியில் ஒன்றுக்குப் போக எழுந்துகொண்டே இருந்தாள். “வாயெல்லாம் பித்தளைக் காசச் சப்புன மாதிரி இருக்குடி” என்றாள். ரத்தம் இல்லை போலிருக்கிறது, டானிக் எழுதிக் கொடுப்பார்கள் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே கூட்டிப் போயும் பார்த்தார். பிரஷர் பார்த்தவர், நம்பாத மாதிரி இன்னொரு தடவையும் பார்த்தார். ஒன்றுக்குப் பிடித்து வரச் சொன்னார். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேல்பக்கத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டினார்கள். கொதித்தபோது திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரண்டது. ஏதோ ஒரு சொட்டு விட்டார்கள். கரையவில்லை. உடம்புச் சத்து மூத்திரத்தில் ஒழுகுகிறது என்று அர்த்தமாம்.

“சின்ன வயசுல இவங்களுக்குச் சிரங்கு வந்து முகம் வீங்கியிருக்கா? ஒன்னுக்கு டீத்தண்ணி மாதிரி போயிருக்கா?” என்று டாக்டர் என்னைக் கேட்டார். வந்தது. எங்களுக்கெல்லாம் சிரங்கு வந்த ஒரு வருஷம், அவளுக்கு மட்டும் கண் திறக்க முடியாமல் வீங்கியது. நெருஞ்சிமுள் கஷாயம் கொடுத்தார்கள், வடிந்தது, மறந்தும் போனோம். அதைச் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“கொழந்தை இல்லம்மா. வயித்துல இருக்கிறது நீர். சிறுநீரகம் கெட்டிருக்கும்னு சந்தேகப்படுறேன்” என்றார். அக்காவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். “எனக்குப் புள்ள துள்ளுது டாக்டரம்மா” என்று மெதுவாகச் சொன்னாள். டாக்டர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

மறுநாளைக்கு ஒரு சோதனை சொன்னார். சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. விடிந்ததும் பிடித்து வரும் மூத்திரத்தில் ஒரு கண்ணாடி மிதவையைப் போடுவார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால், தண்ணீர் குடிக்காத உடம்பு மூத்திரத்தைக் கெட்டியாக்கி அனுப்பும், மிதவை மேலே எழும்பி நிற்கும். வேலை செய்யாத சிறுநீரகம் எப்போதும் ஒரே மாதிரிதான் விடும். அக்காவுக்குத் தண்ணீர் மாதிரித் தெளிவாகப் போனது. உடம்பு குளிர்ச்சியாக இருக்கிறது என்று அதற்கும் நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மிதவை எழும்பவில்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்து மருமகளைப் பார்க்க வந்திருந்த மாமியார், எனக்குத் தெரியாமல் மோர் கொடுத்திருக்கிறார். “புள்ளத்தாச்சியத் தவிக்க விடுவாங்களா? இது என்ன ஊரு, என்ன டாக்டரு” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். எனக்கு அந்த மோரின்மேல் அம்புட்டு ஆசை வந்தது. எல்லாம் அந்த மோரால்தான், இன்னொரு தரம் பார்த்தால் சரியாக இருக்கும் என்று நம்பினேன். மாமியாரை ஊருக்கு அனுப்பிவிட்டு, அக்கா பக்கத்திலேயே படுத்துக் காவல் காத்து, மறுபடியும் கொண்டுபோனேன். மிதவை முன்னே நின்ற இடத்திலேயே நின்றது. மதுரைக்கு அனுப்பிய ரத்தத்திலும் யூரியா ஏகத்துக்கு ஏறியிருப்பதாக வந்தது.

“இது நேத்து வந்த சீக்கு இல்ல, அந்தச் சிரங்கு வீக்கத்துலயே ஆரம்பிச்சிருக்கும். வருசக்கணக்கா சத்தமில்லாம உள்ளயே கெட்டிருக்கு. ரெண்டு பக்கமும்தான். சரிபண்ண எங்ககிட்ட மருந்து கிடையாது. உப்பை அடியோட நிறுத்துங்க, வீக்கமும் மூச்சிரைப்பும் குறையும். இருக்கிற நாளாவது படுத்தாம இருக்கும்” என்றார் டாக்டர்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

“அத்தைகிட்டச் சொல்லாதடி” என்றாள்.

“சொல்லாம எப்படிக்கா? அவங்க கருவாடு குடுப்பாங்க, நீ திம்பியா?”

“அந்த வீட்டுல இப்பத்தான்டி என்னையப் பேரு சொல்லிச் சாப்பிடக் கூப்புடுறாங்க. அம்மா கட்டுச்சோறு கொண்டாந்து வளையல் போடுறது முடியட்டும். அதுவரைக்கும் பேசாம இரு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில், “செத்துப்போவக்கா” என்று சொல்லிவிட்டேன். “தெரியும்டி” என்றாள். மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். கேட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தன் அம்மாவிடம் தானே சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. எதைத்தான் சொல்லியிருக்கிறார்?

கட்டுச்சோற்று நாளும் வந்தது. எங்கள் அம்மா ஒன்றும் தெரியாமல், மகளுக்கு மசக்கை கண்ட சந்தோஷத்தில், புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, வடகம், ஊறுகாய் என்று கூடை கூடையாக எரியோட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினாள். அக்காவை மனையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசினார்கள். இதுவரை பின்னால் நின்றவளைச் சுற்றி ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும். உட்காரவே முடியாமல் மேல்மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் வாய் மாமியார்தான் ஊட்ட வேண்டும், அப்புறம் வளையல். மாமியார் புளிச்சோற்றை உருட்டி, மேலே ஊறுகாயையும் வைத்துக் கையை நீட்டினார். அக்கா வாயைத் திறந்தாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். “குடுக்காதீங்க அத்தை. உப்பு ஆகாது. அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போச்சு. வயித்துல புள்ள இல்ல” என்றேன். சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். வேறு யாரும் சொல்கிற வழியாகத் தெரியவில்லை.

மாமியார் மகன் முகத்தைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். உருண்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டு அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். பெண்கள் ஒவ்வொருவராக ஏதோ வேலை இருக்கிற மாதிரி கிளம்பினார்கள். எங்கள் அம்மா கூடையின் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். வளையல்கள் தாம்பாளத்திலேயே கிடந்தன.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. மனையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. ரெண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள்.

“நீயாச்சும் போட்டுவிடுடி.”

தாம்பாளத்தில் இருந்ததிலேயே பெரிய வளையலாகப் பார்த்து எடுத்தேன். வீங்கிய கை. கட்டைவிரல் முட்டியைத் தாண்டவில்லை. அழுத்திப் பார்த்தேன், ஒன்று உடைந்தது. போதும்க்கா என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “சோப்புத் தண்ணி கொண்டுவாடி, ஏறும்” என்றாள்.