மாமன் கழுவிய கொய்யா

அன்புசெல்வி என்ற பெயரைப் பாக்கியலட்சுமி முதன்முதலில் கேட்டது, கல்யாணமான புதிதில், நாத்தனார் ராஜாம்பாளின் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று. தாய்மாமன் முறையில் குழந்தையின் காதில் அதைச் சொன்னவர் அவள் புருஷன் கிருஷ்ணசாமிதான்.

அந்தக் குழந்தை வளர்ந்து, வேதியியல் படித்து, டவுனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது. பழத்தில் அடித்த பூச்சிமருந்து நாள்பட நாள்பட எவ்வளவு குறைகிறது, எப்போது பறித்தால் தின்கிறவர்களுக்குக் கெடுதல் இல்லை என்று அளக்க வேண்டும். அளவு சரியாக வந்தால் பட்டம், பட்டம் வந்தால் நல்ல உத்தியோகம். அப்பன் இல்லாத பெண்ணுக்கு வேறு பிடிமானம் கிடையாது.

தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் மாமனின் கொய்யாத் தோப்பில் ஒரு வரிசை மரங்களுக்குக் கூடவே நின்று மருந்தடிக்க வைத்தாள். அன்றைய பழத்தை அவளே கொண்டுபோனாள். பிறகு அவ்வப்போது கிருஷ்ணசாமி பறித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். அங்கே அரைத்து மிஷினில் ஏற்றிப் பார்ப்பார்கள்.

முதல் பழத்தில் மருந்து எக்கச்சக்கம். அடுத்ததில் சடாரென்று இறங்கிவிட்டது. அன்புசெல்வி பூரித்துப்போனாள். எந்த மருந்தும் இப்படி இறங்காதே என்று பேராசிரியர்தான் முகம் சுளித்தாராம். அவள் தோப்புக்கு ஓடிவந்தபோது காய்ப்பு ஓய்ந்து, கிளைகளை வெட்டி மரங்களைக் கவாத்து பண்ணிவிட்டிருந்தார்கள்.

"மாமா, பறிச்ச பழத்த அப்படியேதான வெச்சீங்க?"

"அப்படியே எப்பிடிம்மா உன் கையில குடுப்பேன்? மோட்டார் தண்ணியில தேச்சுக் கழுவி, வேட்டியில தொடச்சுதான் வெச்சேன்."

கழுவக் கூடாது என்று அவள் சொல்லாமல் இல்லை. மருந்தும் புழுதியுமாகத் தங்கச்சி மகள் கையில் கொடுக்க அவருக்குத்தான் மனசு வரவில்லை.

"எனக்கு ஒரு நாளாவது கழுவிக் குடுத்திருக்காரா கேளுடி" என்று பாக்கியலட்சுமி சிரித்தாள். பெண் சிரிக்கவில்லை.

"மருந்து கரையறதுன்னு நெனச்சேன் அத்தை. இத்தன நாளும் மாமா கழுவுனதத்தான் அளந்திருக்கேன்."

அடுத்த காய்ப்புக்குள் ஆராய்ச்சிக்கான காலம் முடிந்துபோனது. கணக்கு எதுவும் செல்லாது என்றுவிட்டார்கள். கிருஷ்ணசாமி போய்ப் பேராசிரியர் முன்னால் கைகூப்பி நின்றார். வயசானவர் நிற்க வேண்டாம், உட்காருங்கள் என்றாராம் அவர். அந்தப் பெண் மாமனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இவர் இரண்டு கவளமாவது சாப்பிட்டிருப்பார் என்று பாக்கியலட்சுமிக்குத் தோன்றும்.

அன்புசெல்வி இப்போது அதே டவுனில் அண்ணாசாலையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.