எந்த மீடியம்?

தொண்ணூறுகளில் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான்தான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினேன். கட்டிங் பிரிவு பார்க்கும் திரையில் மார்பளவை 85, 90 என்று சென்டிமீட்டரில் போட்டிருந்தேன். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை.

"ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையரே மீடியம்னுதானுங்க எழுதறான். நீங்களும் அப்படியே போடுங்க."

இரண்டு வெவ்வேறு நாடுகளுக்குப் போகும் சாம்பிள் பனியன்களை அவர் மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தேன். இரண்டுமே மீடியம். ஆனால் ஒன்று மற்றதைவிட நான்கு விரற்கடை அகலம்.

"இதுல எந்த மீடியமுங்க?"

"பொம்பளப் புள்ளைக்கு இத்தன வாய் ஆகாதுங்க" என்றார்.

"மாத்த முடியாதுங்க. வேணும்னா வேற ஆள வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வருத்தம் துளியும் இல்லை.

வேறு ஆளை வைத்துத் திரையை மாற்றிக்கொண்டார்கள். அடுத்துச் சேர்ந்த கம்பெனியிலும் நான் சென்டிமீட்டரில்தான் எழுதினேன்.