ரம்புக்கனையில் பின்னால் பூட்டிய எஞ்சின்

ரம்புக்கனையில் ரயில், அதாவது நம்ம கோச்சி, மாறுவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். வழி சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த ஸ்டேசனில் எங்களுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். எழுபதுகளில் ஒருநாள் பிற்பகல். குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே போய்விடுவதென்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்திருந்த அக்கா குடும்பத்தை வழியனுப்ப, கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டத்திலிருந்து நானும் கூடவே கிளம்பினேன்.

அன்றைக்குப் பாதை இதுதான். பஸ்ஸில் ரம்புக்கனை. அங்கிருந்து கீழே இறங்கும் கோச்சியில் ஏழு மைல் போனால் பொல்காவலை சந்தி. அங்கே இரவு மெயிலைப் பிடித்தால் தலைமன்னார், பிறகு கப்பல்.

நாங்கள் போனபோது மேடையில் ஒரு கோச்சி நின்றது. சரியான நெரிசல். "எஞ்சின் பொல்காவலைப் பக்கந்தான் நிக்குது. இதுதாங்க நம்ம கோச்சி," என்றார் மச்சான், அக்காவின் புருஷன். துண்டு போட்டு இடம் பிடிப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். பிள்ளை இருந்தால் இன்னும் வசதி. நாலு வயது செல்வியைத் தூக்கி ஜன்னலால் உள்ளே விட்டார். "கெட்டியா ஒக்காந்துக்க, அப்பா வர்றேன்."

அவர் ட்ரங்குப் பெட்டியைத் தூக்குவதற்குள் விசில் ஊதியது. கோச்சி மேலே, கண்டிப் பக்கம் நகர்ந்தது! அங்கிருந்து மலையேற்றம் என்பதால் பின்னாலும் ஓர் எஞ்சினைப் பூட்டித் தள்ளவிடுவார்கள். நாங்கள் பார்த்தது அதைத்தான். "ஐயோ, எம் புள்ள!" என்று அக்கா மேடையிலேயே விழுந்தாள். நான் ஓடிக் கடைசிப் பெட்டியின் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டேன். எப்படி ஏறினேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பெட்டிக்குப் பெட்டி வழி கிடையாது. ஜன்னலால் தலையை நீட்டினேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். வளைவில் முன்பெட்டிகள் தெரிந்தன. ஒரு ஜன்னலில் செல்வியின் மஞ்சள் கவுன். இடுப்பு வரை வெளியே சாய்ந்து அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள். கத்தினேன், எஞ்சின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. மேலே சுரங்கங்கள் இருப்பது வேறு தெரியும். அடுத்த வளைவில் பார்த்தால் அந்த ஜன்னலில் யாருமில்லை. பள்ளத்தைப் பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம்.

அடுத்த சின்ன ஸ்டேசனில் வண்டி நின்றதும் இறங்கி ஓடினேன். ஒரு சிங்களத்து அம்மா செல்வியை மடியில் இறுக்கி வைத்திருந்தார். "பயவென்ன எப்பா, துவே." பயப்படாதே மகளே என்று எனக்குத்தான் சொன்னார், நான் அப்படி நடுங்கினேன். செல்வி சுற்றியிருந்த காட்டைப் பார்த்துவிட்டு, "சின்னம்மா, இதான் இந்தியாவா?" என்றாள்.

இறங்கி வந்த கோச்சியில் திரும்பினோம். அக்கா பிள்ளையை வாங்கி முகர்ந்து முகர்ந்து அழுதாள். மச்சான் பொல்காவலைக் கோச்சி எதுவென்று ஸ்டேசன் ஆளிடம் கேட்கப் போனார்.

ஆகவே, போகிறவர்களே, எஞ்சின் நிற்கும் பக்கத்தைப் பார்த்து ஏறாதீர்கள். ஸ்டேசன் ஆளிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இடத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை முதலில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பொல்காவலையில் மெயில் வந்தபோது அக்காவும் மச்சானும்தான் முதலில் ஏறினார்கள். செல்வி என் இடுப்பில் இருந்தாள். "நீங்க வரலியா சின்னம்மா?" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள், விடவே மாட்டேனென்றாள். போய்விட்டாளோ என்று அன்று பிற்பகல் பதறிய பிள்ளையை, அழ அழ என் கையாலேயே பிய்த்து உள்ளே கொடுத்தேன். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவேயில்லை.