இடக்காலுக்கு ஒரு பெடல்

முனிலட்சுமி நடக்கும்போது அவளுடைய இடக்கை எப்போதும் இடத்தொடையின்மேல் இருக்கும். கை அழுத்தினால்தான் முழங்கால் மடங்காமல் நிற்கும். முழங்கால் நின்றால்தான் உடல் முன்னே செல்லும். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் உலர்த்திவிட்ட காலுக்கு அந்தக் கையே ஊன்றுகோலாயிற்று. வேப்பனப்பள்ளியை அடுத்த மாந்தோப்புகளில் கூலிவேலை செய்த அவளுடைய பெற்றோர், தோப்பு வேலைக்கு இவள் ஆக மாட்டாள் என்று கண்டு தையல் பழக்கினர். இரு கால்களால் மிதிக்க வேண்டிய இயந்திரத்தை வலக்கால் ஒன்றாலேயே மிதித்துப் பழகிக்கொண்டாள்.

ஓசூரில் பம்பு செய்யும் ஆலையொன்றில் ஃபிட்டராக இருந்த ராஜப்பனை மணந்து வந்தபின், ஆலைத் தொழிலாளர் அணியும் பருத்திக் கையுறைகளைத் தைத்து சிப்காட் நிறுவனங்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். தைப்பது அவளுக்கு எளிது. தைத்தவற்றைக் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. பேருந்தின் படி உயரம். மூட்டையோடு அவள் ஏறி முடிக்குமுன் நடத்துநர் விசில் ஊதிவிடுவார். காலின் குறையையே பெயராகச் சொல்லிச் சிலர் அவளை ஒதுங்கச் சொல்வதும் உண்டு.

அந்நாளில் பெங்களூரில் ஓர் அதிகாரி தம் பழைய ஆட்டோமேட்டிக் காரை விற்க முயன்றுகொண்டிருந்தார். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் அவ்வண்டியை வாங்க எல்லோரும் அஞ்சினர். கெட்டுப்போனால் பார்க்க ஆளில்லை என்பதே அச்சத்துக்குக் காரணம். அந்த அச்சத்தால்தான் விலை இறங்கி, அது ராஜப்பனின் கைக்கு எட்டியது. அதில் பெடல்கள் இரண்டே: ஒன்று வேகத்துக்கு, மற்றொன்று நிறுத்தத்துக்கு. இரண்டும் வலக்காலுக்குரியவை. இடக்காலுக்கு அங்கே வேலையே இல்லை. வேலையற்ற காலைத் தாங்க வேண்டிய கடமை இடக்கைக்கும் இல்லை. ஸ்டீயரிங்கின்மேல் அவளுடைய இரு கைகளும் சேர்ந்து அமர்ந்த அந்த நாளை, அருள் வாய்த்த நாளென்றே அவள் எண்ணினாள்.

நான்கு ஆண்டுகள் அவள் அந்தக் காரை ஓட்டினாள். உத்தனப்பள்ளிச் சாலையில் ஏற்றமும் இறக்கமும் அவளுக்கு மனப்பாடம். ஆலைகளின் வாயிலில் காவலர்கள் அவள் வண்டியை அடையாளம் கண்டு கதவைத் திறந்தனர். பண்டகக் காப்பாளர்களிடம் அவளே பேசினாள். குறைவிலைக்குக் கேட்டவரை அவளே மறுத்தாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் ஆயுத பூசை வந்தது. ராஜப்பனின் ஆலையில் அப்பூசைக்கு ஒரு முறை உண்டு. முதல்நாளே இயந்திரங்களை நிறுத்தி, அழுக்கைத் துடைத்து, பழைய எண்ணெயை வடித்துப் புதியதை நிரப்பிய பிறகே சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். பழைய எண்ணெயோடு ஓர் இயந்திரத்தைப் பூசைக்கு நிறுத்துவது குளிக்காமல் கோயிலுக்குள் புகுவதைப் போன்றது என்பது அங்குள்ளோர் எண்ணம். ராஜப்பனும் அவ்வாறே எண்ணுபவன். அவன் காருக்கு அடியில் படுத்து, இன்ஜின் எண்ணெயை மாற்றியபின் கியர்பாக்ஸின் எண்ணெயையும் வடித்தான். அது சிவந்து, நீரைப் போல நெகிழ்ந்து ஓடியது. அவன் ஆயுளெல்லாம் கண்ட கியர் எண்ணெய் தேனைப் போலக் கெட்டியானது. ஆகவே இது வீரியம் இழந்துவிட்டது என்று தெளிந்து, கடையில் கிடைத்தவற்றுள் உயர்ந்த கெட்டி எண்ணெயை வாங்கி மனநிறைவோடு ஊற்றினான். மறுநாள் சக்கரங்களின்கீழ் வைத்த எலுமிச்சங்கனிகளை நசுக்கிக்கொண்டு முனிலட்சுமி வண்டியை எடுத்தாள்.

சில நாள்களில் உத்தனப்பள்ளிக்கு இப்பாலுள்ள ஏற்றத்தில் இன்ஜின் உறுமியது. வண்டியோ நின்ற இடத்திலேயே நின்றது.

கயிறு கட்டி இழுத்துவந்து மாரிசாமியின் பட்டறையில் சேர்த்தனர். மாரிசாமி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் நிலைத்தவர். அவர் கியர்பாக்ஸின் அடித் திருகைக் கழற்றியதும் கருத்த கூழொன்று இறங்கியது. அதில் இரும்புத்தூள் மின்னியது. விரலில் தொட்டு முகர்ந்தார்.

“இதுல யாரு கெட்டி எண்ணெய ஊத்துனது?”

“நான்தாண்ணா,” என்றான் ராஜப்பன். “பூசைக்கு மாத்துனேன். பழசு தண்ணியாட்டம் இருந்துச்சு.”

“தண்ணியாட்டம்தான் தம்பி இருக்கணும். இந்தப் பெட்டியில வண்டிய நகத்துறதே அந்த எண்ணெதான்.”

பழைய டயரொன்றின்மேல் அமர்ந்திருந்த முனிலட்சுமி இதைக் கேட்டாள். ராஜப்பன் அவள் பக்கம் திரும்பவில்லை.

அதே வகைக் கியர்பெட்டிக்காக மாரிசாமி பெங்களூரின் பழைய உதிரிபாகக் கடைகளையெல்லாம் விசாரித்தார். கிடைக்கவில்லை. புதியதை வரவழைக்கும் விலைக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம். நகராத வண்டியை வாங்கவும் யாரும் முன்வரவில்லை. அதே காரின் கியர் போட்டு ஓட்டும் வகை மட்டும் எங்கும் மலிந்திருந்தது. அதன் பெட்டியை இதில் பொருத்திவிடலாம் என்றார் மாரிசாமி.

“பொருத்துனா வண்டி ஓடும்,” என்றாள் முனிலட்சுமி. “நான் ஓட்ட முடியாதேண்ணா.”

இடக்காலால் மிதிக்க வேண்டிய க்ளட்சுக்குக் கையால் இழுக்கும் பிடியொன்று வைத்துத் தர இயலுமா என்று ராஜப்பன் கேட்டான். செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் அவர். அந்த உறுதியற்ற சொல்லைப் பற்றிக்கொண்டு முனிலட்சுமி தலையசைத்தாள்.

வேலை ஒருவாரத்துக்கு மேல் நடந்தது. பழைய பெட்டி இறங்கியது. இன்ஜினின் பின்முகத்தில் இருந்த மெல்லிய தகட்டுக்குப் பதிலாகக் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம் ஏறியது. அதன்மேல் க்ளட்ச் தட்டு அமர்ந்தது. க்ளட்ச் கம்பி செல்ல வண்டியின் முன்புறத் தகட்டுச் சுவரில் துளையிட்டனர். அகன்ற பிரேக் பெடலைக் கழற்றிவிட்டுக் குறுகிய ஒன்றைப் பூட்டினர். அதன் இடப்புறத்தில், அதுவரை வெறுமையாயிருந்த இடத்தில், மூன்றாவது பெடல் ஒன்று வந்து தொங்கியது. அவள் நாள்தோறும் பட்டறைக்கு வந்து, தன் வண்டி பிறருடைய வண்டியாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பிடி பயன்படவில்லை. மாரிசாமி இருமுறை வளைத்துப் பற்றவைத்தும், காலின் வலிமைக்கென்று அமைந்த க்ளட்ச் ஸ்பிரிங் அவள் கைக்கு முழுதும் இணங்கவில்லை. க்ளட்ச் பாதியே விலகியதால் கியரின் பற்கள் கரகரத்தன. நீண்ட பிடி வைத்தால் இருக்கையில் இடித்தது. மூன்றாம் முறை முயல வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள்.

ஆயினும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜப்பன் அவளை வற்புறுத்தி, வீடுகள் எழும்பாத ஒரு மனைப்பிரிவுக்கு அழைத்துச் சென்றான். அவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். இரு கைகளாலும் இடக்காலைத் தூக்கி மூன்றாவது பெடலின்மேல் வைத்தாள். இடக்கையால் தொடையைப் பலங்கொண்டு அமுக்கினாள். பெடல் இறங்கியது. ஆனால் கியர் போட வேண்டிய கையும் அந்த இடக்கையே. வலக்கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துக் குறுக்கே நீட்டிக் கியரைத் தள்ளினாள். வண்டி தன் போக்கில் குலுங்கிச் சென்று, மனைக்கல் ஒன்றின்மேல் ஏறி அணைந்தது.

“நீ க்ளட்ச்ச மட்டும் அமுக்கு,” என்றான் ராஜப்பன். “கியர நான் போடறேன்.”

அவ்வாறே செய்தனர். அவள் அமுக்கினாள், பக்கத்து இருக்கையிலிருந்து அவன் கியரை மாற்றினான். வண்டி நகர்ந்தது. மண்பாதையில் ஒரு சுற்று முழுதும் ஓடியது. ராஜப்பனின் முகம் மலர்ந்தது. இரண்டாம் சுற்றில் அவள் தார்ச்சாலையின் விளிம்புக்கு வந்து நிறுத்தினாள். எதிரே ராயக்கோட்டைப் பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டு சென்றது.

“நாளைக்கு நீங்க ஷிப்ட்டுக்குப் போயிட்டா, கியர யாரு போடுவாங்க?”

ராஜப்பன் கியர்க் கம்பியிலிருந்து கையை எடுத்தான். “தப்பு என்னுதுதான், லட்சுமி,” என்றான். “நீ ரெண்டு அடி அடிச்சிட்டாக்கூட எனக்கு மனசு ஆறும்.”

“நீங்க சாமிக்குன்னுதான செஞ்சீங்க. இதுக்கு நான் யாருகிட்டப் போயி சண்ட போடறது?”

அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். இறங்கி, வண்டியின் முன்புறத்தைப் பிடித்துக்கொண்டே மறுபக்கம் வந்தாள். ராஜப்பன் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தான்.

அதன்பின் ராஜப்பன் விடுமுறை நாள்களில் கையுறைகளைக் கொண்டுசென்றான். ஆலைகளோ திங்கட்கிழமைகளில் கேட்டன. விடுப்பெடுத்துப் போனபோது பண்டகக் காப்பாளர்கள் அவனிடம் விலையைக் குறைத்துப் பேசினர். பேரம் பேசத் தெரியாமல் அவன் ஒப்புக்கொண்டு வந்தான். சம்பளத்துக்கு வைத்த ஓட்டுநர் இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒவ்வோர் ஆலையாக வேறிடத்தில் வாங்கத் தொடங்கியது. வண்டியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. இனி எந்த மெக்கானிக்கும் கைவைக்கலாம், நல்ல வேலை செய்தாய் என்று அண்டை வீட்டார் ராஜப்பனைப் பாராட்டினர். அவன் அதைக் கேட்டுத் தலைகவிழ்ந்து நிற்பான்.

இப்போது அவள் பர்கூரைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் ஒருவருக்குக் கையுறை தைத்துக்கொடுக்கிறாள். அவருடைய வேன் வாசலில் நின்று ஒலியெழுப்பும். மூட்டைகளை ஆள்கள் வந்து எடுத்துச் செல்வார்கள். அவை எந்த ஆலைக்குப் போகின்றன என்று அவளுக்குத் தெரியாது. முதல் சில மாதங்கள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள்.