ஊசிக்குப் பிறகு வாங்கிய சம்மதம்

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. மயக்க மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கப் போகிறேன் என்று வாப்பாவிடம் சொல்ல ஒரு நல்ல நேரம் தேடி அலைந்தேன். கடைசியில் அவருக்கே ஆபரேஷன் தியேட்டரில் ஊசி போட்ட அடுத்த நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்தேன். எம்.பி.பி.எஸ். முடித்தவன், மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் ரேங்க் வாங்கியவன் செய்த காரியம் இது.

சொல்வதற்கு ஏன் நேரம் பார்க்க வேண்டும் என்றால், எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு கிளினிக் காத்திருந்தது.

வாப்பா வளைகுடாவில் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனில் வேலை பார்த்தார். நான் மெடிக்கல் காலேஜில் சேர்ந்த வருஷமே கீழ்வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அங்கே இருந்தபடியே வீடியோ காலில் கொத்தனாரை வேலை வாங்குவார். "டைல்ஸ் வழுக்குதா? தண்ணிய ஊத்து. இப்ப நடந்து காட்டு." கொத்தனார் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஈர டைல்ஸில் போய் வந்து காட்டுவார். வயசானவர்கள் வந்து போகிற இடம் என்று வாசலில் படி வைக்காமல் சரிவாகப் போட்டார். உள்ளே நோயாளி படுக்கக் கட்டில், அதைச் சுற்றித் திரை ஓடக் கம்பி, கை கழுவப் பேசின். வெளியே ஏர்போர்ட்டில் கிடப்பது மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிய ஸ்டீல் நாற்காலிகள். வாசலுக்கு மேலே பெயர்ப் பலகைக்கான பெட்டியும் மாட்டி, உள்ளே விளக்கும் போட்டாயிற்று. பெயர் மட்டும்தான் பாக்கி. ஒன்றும் எழுதாத அந்த வெள்ளைப் பெட்டி, பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொன்னதும் தினமும் எரியும். கடற்கரைப் பக்கம் வழி கேட்கிறவர்களுக்கு "எரியுற போர்டுக்கு எதுத்த சந்து" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

எதிர்வீட்டு மாமி தன் சுகர் ரிப்போர்ட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே எச்சரிக்கைதான்: "மொத டோக்கன் எனக்கு. வேற எவளுக்காச்சும் குடுத்தே, பாத்துக்க."

மயக்க மருத்துவருக்கு டோக்கன் கிடையாது. அவரைத் தேடி யாரும் வர மாட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் அவர்கள் காரில் பையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்வருவார்கள். இதை மாமியிடம் எப்படிச் சொல்வது என்பதே எனக்குப் புரியவில்லை. வாப்பா அதற்கும் மேலே.

அப்படியென்றால் அந்தத் துறைதான் வேண்டுமா என்று கேட்பீர்கள். கூடப் படித்தவர்களும் கேட்டார்கள். நோயாளி எதிர்த்துப் பேச மாட்டார், உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஏ.சி. உண்டு என்று அவர்களிடம் சொல்லி வைத்தேன். நிஜமான காரணம் ஒருவருடைய கை.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது திருப்பாலைக்குடிப் பக்கமிருந்து ஒரு மீனவரைக் கொண்டுவந்தார்கள். படகில் வலை இழுக்கிற மெஷினில் கை சிக்கிவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் வார்டில் மற்ற எல்லாரும் தங்கள் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். மயக்க மருத்துவர் வந்தார். கழுத்தடியில் காறை எலும்புக்கு மேலே ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் ஊசியை இறக்கி மருந்தை விட்டார். மீனவரின் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொள்வது மட்டும்தான் என் வேலை. அதனால் அவர் முகம் என் முகத்துக்கு நேர் கீழே இருந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் முனகலானது. பிறகு முனகலும் நின்றது. நெற்றியில் இருந்த சுருக்கம் போயிற்று. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "டாக்டரே, என் கை எங்கன?"

"இந்தா இருக்குண்ணே," என்று துணி சுற்றிய கையை லேசாகத் தூக்கிக் காட்டினேன்.

யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். "இதுவா இம்புட்டு நேரம் என்னைய அந்தப் பாடு படுத்துச்சு," என்று அதை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அப்புறம் மீன் இறக்கியாச்சா என்று கேட்டார்.

படித்த வருஷங்களில் எத்தனையோ மாத்திரை எழுதியிருக்கிறேன். எழுதிக் கொடுத்ததும் நோயாளி போய்விடுவார். வலி போயிற்றா இல்லையா என்பது அவருக்கும் அவர் வீட்டுக்கும்தான் தெரியும். ஒரு மனுஷனைவிட்டு வலி இறங்கிப் போவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அதோடு சரி, வேறு எதிலும் மனசு ஓடவில்லை.

ரேங்க் வந்தது. அந்த ரேங்க்குக்குக் குழந்தை மருத்துவமும் கிடைக்கும், மயக்க மருத்துவமும் கிடைக்கும். வாப்பாவின் கணக்கில் குழந்தை டாக்டர்தான். எங்கள் ஊரில் குழந்தைகளுக்குப் பஞ்சமில்லை. கலந்தாய்வெல்லாம் இப்போது ஆன்லைனில்தான். எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று வேண்டிய வரிசையில் போட்டு வைக்க வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் மாற்றிக்கொள்ளலாம். நான் மேலே இருந்து கீழே வரை மயக்க மருத்துவத்தைப் போட்டுவிட்டு, வீட்டில் வாயைத் திறக்காமல் நடமாடிக்கொண்டிருந்தேன்.

உம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "வாப்பாகிட்ட நீங்க பக்குவமாச் சொல்லுங்களேன்" என்றேன்.

"நான் ஏன் சொல்லணும்? டைல்ஸுக்குக் கலர் பாத்தப்ப அவுக என்னையக் கேட்டாகளா?" என்றார் உம்மா. அந்தப் பாதையும் அடைத்துவிட்டது.

அந்தச் சமயம்தான் வாப்பா லீவில் வந்தார். இரண்டு வேலை வைத்திருந்தார். ஒன்று, பெட்டி தூக்கித் தூக்கி வந்த குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். இன்னொன்று, கிளினிக் திறக்க நாள் குறிப்பது. ஆபரேஷனுக்கு ராமநாதபுரத்தில் நான் டியூட்டி டாக்டராக இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷனுக்கு மறுநாள்தான் கலந்தாய்வு வரிசையை மாற்றக் கடைசி நாள்.

அங்கே மயக்க மருந்து கொடுக்க வருகிறவர் ஒரு மேடம். அதிகம் பேச மாட்டார். ஒரு நாளில் மூன்று ஊர் போய்வருவார். ஓய்வு கிடைத்தால் நான் தியேட்டரில் அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பேன். ஆபரேஷனுக்கு முன்னால் வாப்பாவைப் பரிசோதிக்க அறைக்கு வந்தார். வாயைத் திறக்கச் சொன்னார், அண்ணாந்து பார்க்கச் சொன்னார், முதுகெலும்பைத் தடவிப் பார்த்தார். வாப்பா எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்துவிட்டு, "நீங்க மயக்க டாக்டரா? சரிம்மா. பெரிய டாக்டர் எப்ப வருவாக?" என்றார்.

"வந்துருவாரு. அதுக்குள்ள உங்களை ரெடி பண்ணி வைக்கத்தான் நான்," என்றார் மேடம், அலுத்துக்கொள்ளாமல்.

அந்த நேரத்தில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். 'பெரிய டாக்டர்' என்று அவர் கேட்டதும் அதை ஒத்திப்போட்டேன்.

தியேட்டரில் வாப்பா பயந்துபோயிருந்தார். பிரஷர் ஏறியிருந்தது. உதடு மட்டும் ஓதிக்கொண்டே இருந்தது. முதுகில் ஊசி போடுவதற்கு முன்னால் பதற்றம் குறையட்டும் என்று மேடம் நரம்பு வழியாகக் மிடசோலம் என்ற மருந்தைக் கொஞ்சம் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையுறை மாற்றப் போனார். வாப்பாவின் முகம் தளர்ந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் பிறந்ததிலிருந்து வாங்கியதில்லை. இதைவிட்டால் வேறு நேரம் வராது என்று பட்டது.

"வாப்பா."

"சொல்லு வாப்பா." பிரியம் வந்தால் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"மேல படிக்கிறதுக்கு நான் மயக்க டாக்டருக்குத்தான் போட்டுருக்கேன்."

"நல்லது."

"குழந்தை டாக்டர் இல்ல. கிளினிக் நடத்த ஏலாது."

"அதுக்கென்ன, இன்ஷா அல்லாஹ்."

இவ்வளவு சுலபமா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆசை யாரை விட்டது. "அங்கன இங்கன போக வர ஒரு காரும் வேணும் வாப்பா."

"வெள்ளக் கலருல வாங்கு," என்றவர் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் திரும்பி, பால் பவுடர் பெட்டியெல்லாம் லாரியிலிருந்து இறக்கியாச்சா என்று விசாரித்தார். "இறக்கியாச்சுங்கய்யா," என்றது அந்தப் பிள்ளை. மூளை உள்ளவனுக்கு அந்த இடத்தில் உறைத்திருக்கும்.

முதுகில் மருந்து போட்டு, சர்ஜன் வேலையை ஆரம்பித்த பிறகு, வாப்பா அரைத் தூக்கத்தில் கிடக்க, நான் மேடத்தின் ஸ்டூல் பக்கம் போய் நின்றேன். வாயெல்லாம் பல். மாஸ்க் போட்டிருந்ததால் தப்பித்தேன்.

"மேடம், வீட்டுல சொல்லிட்டேன். வாப்பா சரின்னுட்டாரு."

"பரவால்லையே. எப்ப சொன்னே?"

"இப்பத்தான் மேடம். நீங்க மிடசோலம் குடுத்துட்டுப் போனீங்கல்ல, அதுக்கப்புறம்."

மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார். "நீ அனஸ்தீசியாவா படிக்கப் போற?"

"ஆமா மேடம்."

"அந்த மருந்து பயத்தைக் குறைக்கும். வேற என்ன செய்யும்?"

எனக்குத் தெரியும். தேர்வில் வந்த கேள்வி. சரியாகப் பதில் போட்டு மார்க்கும் வாங்கியிருந்தேன். "அது போட்டப்புறம் நடக்குறது மனசுல தங்காது மேடம்," என்றேன். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"ஊசி போட்டப்புறம் ஒரு பேஷன்ட்கிட்ட ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்குவியா?"

"வாங்க மாட்டேன்."

"அப்ப?"

நர்ஸ் சும்மா இருந்திருக்கலாம். "சாருக்குக் கார்கூட ஓகே ஆயிருச்சு மேடம். வெள்ளக் கலராம்," என்றது. சர்ஜன் கையை நிறுத்திவிட்டுச் சிரித்து முடித்த பிறகுதான் வேலையைத் தொடர்ந்தார். மேடம் சிரிக்கவில்லை. மானிட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் டைம் இருக்குல்ல? அவர் தெளிவா இருக்கும்போது கேளு. வேணாம்னு சொன்னா அதையும் கேட்டுக்க," என்றார்.

மறுநாள் காலையில் வாப்பா தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் ஒரு நப்பாசை. மருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்றும் புத்தகத்தில் இருக்கிறது.

"வாப்பா, நேத்துத் தியேட்டருல நாம பேசிக்கிட்டோமே..."

"தியேட்டருல என்ன பேச்சு? ஊசி போட்டாக, கண்ணு முழிச்சா இங்கன கெடக்குறேன்." ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "நீ உள்ளயா நின்னே?"

இப்போதும் ஒரு வழி இருந்தது. பேசாமல் இருந்தால் சாயங்காலம் வரிசை தானாக உறுதியாகிவிடும். பிறகு, 'கிடைச்சது இதுதான் வாப்பா, நம்ம கையில என்ன இருக்கு' என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளலாம். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் வீட்டைச் சமாளித்தது இப்படித்தான். வாப்பாவிடம் பொய் சொல்ல எனக்குப் பெரிய கூச்சமும் கிடையாது. பள்ளிக்கூடக் காலம் முழுக்க அதில்தான் பிழைத்தேன். ஆனால் முந்தின நாள் அந்தச் சிரிப்பை வாங்கியிருந்தேனே. அது மருந்தின் சிரிப்பு, எனக்கானது இல்லை. மருந்து இல்லாமல் அவர் என்ன முகம் காட்டுவார் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. முறைத்தாலும் சரி.

சொல்லிவிட்டேன். ஊசிக்குப் பிறகு கேட்டதையும், அவர் சரி என்றதையும் சேர்த்தே சொன்னேன். உம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை வைத்துச் சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

வாப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மயக்க டாக்டருன்னா, நேத்து வந்துச்சே ஒரு பிள்ளை, அதுமாரியா?"

"ஆமா வாப்பா."

"அதுக்குக் கிளினிக்கு எங்கன இருக்கு?"

"கிளினிக் கெடையாது."

"போர்டு?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் சனம் எப்படித் தேடி வரும்?"

"வராது வாப்பா. நாமதான் போவணும்."

"உனக்கு என்ன, சனங்களைப் பாத்தா பயமா இருக்கா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. திருப்பாலைக்குடிக்காரரின் கையைப் பற்றிச் சொன்னேன். சத்தம் நின்றதை, நெற்றி தளர்ந்ததை, கை எங்கே என்று அவர் கேட்டதை. எப்போதும் போலக் கேலி கலக்காமல் சொல்ல முயன்றேன், பழக்கமில்லாததால் திக்கியது. வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "எப்ப வரைக்கும் மாத்தலாம்?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் வரைக்கும் என்றேன். "குழந்தை டாக்டரும் கெடைக்கும்ல?" கிடைக்கும் என்றேன். உங்களுக்கு வேண்டாம் என்றால் மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். நிஜமாகவே மாற்றியிருப்பேன்.

அவர் தையலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படுத்துச் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். மதியம் லுஹர் தொழுகை நேரமும் போயிற்று. உம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த அறையில் எனக்குத் தெரிந்த ஒரே சிகிச்சை சிரிக்க வைப்பது. அதுவும் அன்றைக்கு வேலை செய்யாது என்று தெரிந்திருந்தது. நாலு மணிக்கு மேல் அஸருக்குப் பாங்கு கேட்டது. படுத்தபடியே தொழுது முடித்தார். முகத்தைத் தடவிவிட்டுக்கொண்டு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

இனி காத்திருக்க நேரமில்லை. "வாப்பா," என்றேன், "அப்படியே இருக்கட்டுமா, மாத்தவா?"

"கீழ்வீட்டைப் பல்லு டாக்டரு எவனாச்சும் கேட்டா வாடகைக்கு விட்டுருவோம்," என்றார்.